புள் ஓம்பல்: கீச்சனும் வேடந்தாங்கலும்

‘ஓம்பு’ என்னும் வினைச்சொல் தமிழில் மிகப் பழையது. பொருள் வளமும் மிக்கது. காத்தல், பேணி வளர்த்தல், உணவளித்துப் போற்றுதல் என்னும் பொருள்களில் அது பெருக வழங்குகின்றது. தீயது வந்து சேராமல் விலக்கிக்கொள்ளுதல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. விருந்தோம்பல் என்னுமிடத்து உணவளித்தல் முன் நிற்கின்றது. குடியோம்பல் என்னுமிடத்துக் காவல் முன் நிற்கின்றது. ஒரு சொல்லே உணவையும் காவலையும் ஒருங்கே சுட்டி நிற்றல் கருதத்தக்கது. இவ்விரண்டையும் பிரித்து நோக்காத ஒரு வாழ்க்கை முறையின் அடையாளமாக அதனைக் கொள்ளலாம்.

திருக்குறளின் 322ஆம் குறள் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது. உள்ள உணவைப் பகிர்ந்து உண்டு, உயிர் பலவற்றையும் காத்தலே நூலோர் தொகுத்த அறங்களுள் தலையாயது என்பது அதன் கருத்து. இக்குறள் ஈகை அதிகாரத்தில் இடம்பெறவில்லை. கொல்லாமை அதிகாரத்தில் இடம்பெற்றிருக்கின்றது. கொல்லாதிருத்தல் என்பது கையைக் கட்டிக்கொண்டு வாளா இருத்தல் அன்று. உயிர் வாழ்தற்கு வேண்டும் உணவைக் கொடுத்து, அது தங்கும் இடத்தையும் காத்தலே கொல்லாமையின் நிறைவு என்பது இவ்வைப்பு முறையால் பெறப்படும்.

இவ்வறம் நூலில் மட்டும் நிற்பதா, நாட்டு வழக்கிலும் காணப்படுவதா என்னும் வினா எழுதல் இயல்பு. குளிர் காலத்தில் வரும் பறவைகளை ஊரார் பேணும் வழக்கம் இவ்வினாவுக்கு நல்லதொரு விடை தருகின்றது. இராசத்தானத்துக் கீச்சன், தமிழகத்து வேடந்தாங்கல் ஆகிய இரு சிற்றூர்களை எடுத்துக்கொண்டு அவ்வழக்கின் தன்மையையும், அது நிலைபெற வேண்டுவன இவை என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கச் சான்றுகள் இரண்டு

இரு ஊர்களையும் நோக்குமுன், பழந்தமிழ்ப் பாட்டுகள் இரண்டை நினைவு கூர்தல் பயன் தரும். முதலாவது, பிசிராந்தையார் பாடிய புறநானூற்று 67ஆம் பாட்டு. குமரித் துறையில் இரை உண்டு வடமலை நோக்கிப் பறக்கும் அன்னச் சேவலை அப்புலவர் விளித்துப் பேசுகின்றார். இடையே சோழ நாட்டைக் கடக்க நேர்ந்தால், உறையூரில் கோப்பெருஞ்சோழனின் கோயிலுள் தடையின்றிப் புகுந்து, தாம் ஆந்தையின் அடியோம் என்று சொன்னால், அவ்வன்னத்தின் பேடை அணிதற்குரிய நல்ல அணிகலனை மன்னன் நல்குவான் என்கின்றார். இப்பாட்டை நட்பின் உயர்வுக்குச் சான்றாகக் காட்டுதல் பெருவழக்கு. இன்னொரு செய்தியும் இதன்கண் உண்டு. தென்கோடிக்கும் வடமலைக்கும் இடையே பறவைகள் வழிக்கொள்ளும் என்பதைப் புலவர் அறிந்திருந்தார். அவ்வாறு வழிச்செல்லும் பறவை வாயிலில் தடுக்கப்படாத விருந்தாகவும், பரிசிலுக்கு உரியதாகவும் அவர் கற்பனையில் இடம் பெறுகின்றது.

இரண்டாவது, பரணர் பாடிய அகநானூற்று 208ஆம் பாட்டு. ஆய் எயினன் என்னும் வேள் பறவைகளுக்குப் பாதுகாவலாக விளங்கியவன். அவன் மிஞிலி என்பானோடு பொருது களத்தில் வீழ்ந்தபோது, பறவைகள் ஒருங்கு கூடி, ஞாயிற்றின் வெங்கதிர் அவன் உடலைச் சுடாதவாறு சிறகுகளால் நிழல் செய்தன என்பது அப்பாட்டு உரைக்கும் செய்தி. இதனை நிகழ்ச்சியாகக் கொள்ளாமல் உயர்வு நவிற்சி என்று கொள்ளினும், அதன் உட்பொருள் தெளிவானது. பறவைகளைக் காப்பது ஒரு தலைவனின் புகழுக்குரிய செயலாக மதிக்கப்பட்டது; காத்தவனுக்குக் காக்கப்பட்ட உயிர்கள் கைம்மாறு செய்யும் என்னும் நம்பிக்கையும் இருந்தது.

ஆகவே விருந்து, காவல் என்னும் இரு நிலைகளும் சங்கப் பாட்டில் உள்ளன. ஆயின், முன்னதில் விருந்து புறந்தருபவன் மன்னன். பின்னதில் காவல் செய்பவன் வேள். கீச்சனிலும் வேடந்தாங்கலிலும் இவ்விரு கடமைகளையும் ஏற்றுக்கொண்டவர்கள் ஊர்ப் பொதுமக்கள். இவ்வேறுபாடு பின்னர் விளக்கப்படும்.

கீச்சன்: விருந்து என்னும் நிலை

கீச்சன் என்பது இராசத்தானத்தின் மேற்கே, தார்ப் பாலை நிலத்தில், பலோதி என்னும் நகருக்கு அண்மையில் உள்ள சிற்றூர். மழை அரிது, மணலும் முள்மரமும் மிகுதி. ஆண்டுதோறும் ஆகத்து இறுதி தொடங்கி இவ்வூருக்கு ஒரு வகைப் பறவைக் கூட்டம் வந்து சேர்கின்றது. மார்ச்சு அளவில் திரும்பிச் செல்கின்றது. மங்கோலியா, கசகத்தான், உருசியா முதலிய நாடுகளின் புல்வெளிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் அப்பறவைகள், அங்குக் குளிர் தொடங்குமுன் தெற்கு நோக்கி வழிக்கொள்கின்றன. அவற்றுள் ஒரு பகுதி இமயத்தைக் கடந்தே இந்தியாவுக்குள் நுழைகின்றது. நேபாளத்தின் காளி கண்டகிப் பள்ளத்தாக்கு அவ்வழிகளுள் ஒன்று. உயர்ந்த மலைக் காற்றும், வழியில் தாக்கும் கழுகும் அவற்றுள் பலவற்றை மாய்த்துவிடும். எஞ்சியவையே பாலைக்கு வந்து சேர்கின்றன.

இப்பறவைக்கு அந்நாட்டு மக்கள் இட்ட பெயர் குர்ஜா என்பது. சாம்பல் நிற உடலும், கருங்கழுத்தும், கண்ணின் பின்னே தொங்கும் வெண்தூவியும் உடையது. தன் இனத்துள் மிகச் சிறியது. கொக்கு, நாரை, குருகு என்னும் நம் பெயர்களுள் ஒன்றை இதற்கு இட்டு வழங்கினால் மயக்கம் நேரும். இது நீரில் நின்று மீன் கொத்தும் பறவை அன்று. நிலத்தில் நடந்து மணியும் புழுவும் பொறுக்கி உண்பது. ஆகலின் குர்ஜா என்னும் பெயரையே ஈண்டு ஆள்கின்றோம்.

கீச்சனில் இப்பறவைகளுக்கு உணவிடும் வழக்கம் இன்றுள்ள வடிவில் 1970களில் தோன்றியது. இரத்தன்லால் மாலூ என்னும் சமண சமயத்தவர் புறாக்களுக்கும் பிற சிற்றுயிர்களுக்கும் நாள்தோறும் தானியம் இறைத்து வந்தார். குளிர் காலத்தில் வந்த குர்ஜாக்கள் சில அவ்விடத்தில் இறங்கி மணிகளைப் பொறுக்கின. அடுத்த ஆண்டு அவற்றின் தொகை பெருகியது. அதற்கடுத்த ஆண்டு மேலும் பெருகியது. நாய்கள் பறவைகளைத் துரத்தியதால் ஊர்ப்புறத்தில் தனி இடம் ஒதுக்கப்பட்டு வேலியும் கட்டப்பட்டது. அவ்விடத்துக்குச் ‘சுக்கா கர்’ என்று பெயர்; இரை இடும் மனை என்பது அதன் பொருள். தொடக்கத்தில் சில பத்துகளாக இருந்த பறவைகள் பின்னாளில் பல்லாயிரமாயின. குளிரின் உச்சத்தில் 20,000க்கு மேற்பட்டவை அங்குத் தங்குவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

உணவிடும் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. பறவைகள் இல்லாத நேரத்தில் வேலிக்குள் தானியம் பரப்பி வைக்கப்படும். காலை ஒளி பரவியதும் குர்ஜாக்கள் அணியணியாக வானில் வட்டமிட்டுக் கூட்டம் கூட்டமாக இறங்கும். உண்டபின் இராத்திரி நாடி, விசயசாகர் என்னும் நீர்நிலைகளுக்குச் சென்று நீர் அருந்தி இளைப்பாறும். இந்நீர்நிலைகளின் சிறப்பை உணர்ந்தே, 2025ஆம் ஆண்டு சூன் மாதத்தில் கீச்சன் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களைக் காக்கும் இராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

தானியத்துக்கு வேண்டும் பொருளை ஊரார் பலரும் சேர்ந்து தருகின்றனர். கீச்சனிலிருந்து வாணிகத்தின் பொருட்டுத் தொலைவிடங்களுக்குப் பெயர்ந்து சென்ற குடும்பத்தினர் பெரும் பங்கு தருகின்றனர். அவர்தம் மாடங்கள் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. தாமும் ஊர்விட்டு ஊர் சென்று வாழ்பவர்கள், தம் ஊருக்கு வரும் வழிப்பறவைக்கு உணவளிக்கின்றனர். மேலும், பொருள் தேடிப் பிரிந்த கணவனுக்குக் குர்ஜாவைத் தூது விடும் மனைவியரின் பாட்டுகள் அந்நாட்டு மக்களிடையே வழங்குகின்றன. நற்றிணை 70ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் வெண்குருகைத் தூதாக விளிப்பதை அறிந்த நமக்கு இது புதிதன்று. எங்கோ சென்றவர் மீள்வர் என்னும் நம்பிக்கையை, காலம் தவறாது மீளும் பறவை மக்கள் மனத்தில் நிலைநிறுத்துகின்றது. இத்தகைய மனநிலை உள்ள நாட்டில் அப்பறவை விருந்தாக மதிக்கப்படுதல் இயல்பேயாம்.

வேடந்தாங்கல்: காவல் என்னும் நிலை

வேடந்தாங்கலின் நிலை இதனின் வேறுபட்டது. செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தகம் வட்டத்தில், ஏறத்தாழ 30 எக்டேர்ப் பரப்புள்ள ஏரியைச் சார்ந்தது அவ்வூர். அங்கு யாரும் பறவைக்கு இரை இடுவதில்லை. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறைந்ததும், நீரில் நிற்கும் கடம்ப மரங்களின் மீது பறவைகள் கூடு கட்டத் தொடங்குகின்றன. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா முதலியன அவற்றுள் சில. இவற்றுள் பெரும்பாலானவை இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் வருவன. வடபுலத்துக் கடுங்குளிருக்கு அஞ்சி நெடுந்தொலை கடந்து வருவன கிளுவை, ஊசிவால் வாத்து முதலியன. முன்னவை இங்குக் குஞ்சு பொரிக்கும்; பின்னவை இங்கு உண்டு தங்கிச் செல்லுமேயன்றிக் கூடு கட்டா.

இவற்றுக்கு வேண்டும் இரையை ஏரியும், சுற்றியுள்ள நீர்நிலைகளும், வயல்களுமே தருகின்றன. ஊரார் தருவது அமைதி ஒன்றே. வேட்டையாடாமை, கூடு கலைக்காமை, மரம் வெட்டாமை, பிறரையும் அவ்வாறு செய்ய விடாமை ஆகியவையே அவர்தம் கடமைகள். வேடர் தங்கிய இடம் என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய ஊரே வேட்டையைத் தடுக்கும் ஊராக மாறியது.

இக்காவலுக்கு எழுத்துச் சான்றும் உண்டு. கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிக் காலத்தில் வெள்ளைப் படைவீரர் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊரார் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேசு என்பவரிடம் சென்று முறையிட்டனர். பறவைகளைக் காத்தற்கு ஊரார்க்குள்ள வழிவழி உரிமையை ஏற்று 1798ஆம் ஆண்டில் அவர் கவுல் ஒன்று வழங்கினார். 1858ஆம் ஆண்டில் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. கவுல் என்பது அரபு மொழியிலிருந்து வருவாய்த் துறை வழக்கின் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். ‘சொல்’, ‘கொடுத்த வாக்கு’ என்பதே அதன் மூலப்பொருள். எனவே வேடந்தாங்கல் ஊரார் ஆட்சியாளரிடம் வேண்டிப் பெற்றது இரக்கம் அன்று, ஒரு வாக்குறுதி. ஊரார் முன்னரே நடத்திவந்த காவலை அரசு அறிந்து ஏற்றதே அவ்வாவணத்தின் சாரம் ஆகும்.

ஊரார் இத்துணை உறுதியாக நின்றதற்கு ஓர் உழவியல் காரணமும் உண்டு. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரி நீரில் விழுந்து கரைகின்றது. அதன்கண் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. அந்நீர் மதகு வழியாக வயலில் பாயும்போது, பயிருக்கு எருவும் நீரும் ஒருங்கே கிடைக்கின்றன. வேதியியல் நூல்கள் இதனை விளக்குமுன்னரே உழவர் விளைச்சலைக் கண்டு இதனை உணர்ந்திருந்தனர்.

கொடையும் கைம்மாறும்

இவ்விரண்டையும் ஒப்புநோக்குவார்க்கு ஓர் ஐயம் எழலாம். கீச்சன் ஊரார் தம் பொருளைச் செலவிட்டுப் பயன் கருதாது உணவளிக்கின்றனர். வேடந்தாங்கல் ஊரார் தம் வயலின் நன்மை கருதிக் காக்கின்றனர். ஆதலின் முன்னது அறம். பின்னது வாணிகம் என்று கூறிவிடலாமோ எனின், கூடாது என்க. கைம்மாறு வேண்டாத கடப்பாட்டைச் சிறப்பிக்கும் வள்ளுவர், அதே ஒப்புரவறிதல் அதிகாரத்தில், பேரறிவாளனின் செல்வத்தை நீர் நிறைந்த ஊருணிக்கும், நயனுடையானின் செல்வத்தை ஊர் நடுவே பழுத்த மரத்துக்கும் ஒப்பிடுகின்றார். ஊருணியும் மரமும் யாருக்கும் தனியாக ஈவதில்லை. நிறைந்து நிற்பதனாலேயே பலருக்கும் பயன்படுகின்றன. வேடந்தாங்கல் ஏரியும் கடம்பும் அத்தகையன. பறவைக்கும் உழவனுக்கும் ஒருங்கே பயன்படும் பொதுப்பொருளைப் பாழாக விடாது காத்தலும் ஒப்புரவேயாம்.

வேறொரு கருத்தும் உண்டு. தனி ஒருவரின் இரக்கம் அவரோடு முடிந்துவிடக் கூடும். ஊரின் வழக்காக மாறிய அறம் தலைமுறை கடந்து நிற்கும். கீச்சனில் ஒருவர் தொடங்கியது ஊரின் கடமையாயிற்று. வேடந்தாங்கலில் ஊரின் கடமை அரசின் ஆவணமாயிற்று. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி ஊரார், வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் அஞ்சி ஓடாதிருக்கத் தீபாவளியன்று வெடி வெடிப்பதை விட்டொழித்திருப்பதும் இத்தகையதே. அங்குத் தானியமும் இல்லை. எருவின் கணக்கும் முதன்மையாகப் பேசப்படுவதில்லை. சிறுவர்கள் தம் மகிழ்ச்சியின் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கின்றனர். ஆய் எயினன் ஒருவனுக்குரிய புகழாகப் பரணர் பாடியது, இங்கு ஊர் முழுவதற்கும் உரிய ஒழுக்கமாக விரிந்துள்ளது.

ஒன்றின்றி மற்றொன்று நில்லாமை

உணவு மட்டும் போதுமா என்பதைக் கீச்சன் சோதித்துக் காட்டுகின்றது. பல்லாயிரம் பறவைகள் ஓரிடத்தில் கூடுவதால், காலையில் இறங்கும்போதும் மாலையில் எழும்போதும் ஊரைச் சுற்றியுள்ள மின்கம்பிகளில் மோதி மடிந்தவை பல. ஊரார் இதனை எதிர்த்து வழக்காட வேண்டியதாயிற்று. கூட்டம் மிகுதியாயின் நோய் பரவும் அச்சமும் மிகுதியாகும். 2021ஆம் ஆண்டு நவம்பரில் சோத்பூர் மாவட்டத்துக் காபர்டா நீர்நிலையில் குர்ஜாக்கள் பறவைக் காய்ச்சலால் இறந்தன. 2025ஆம் ஆண்டு சனவரியில் சைசல்மேர் மாவட்டத்திலும் அந்நோயால் சில இறந்தன. அவ்விடங்கள் கீச்சன் அல்ல எனினும், பறவை ஒன்றே, வழியும் ஒன்றே. ஆகவே இரை இடுவோர் நீர்நிலையின் தூய்மையையும், வானத்தின் தடையின்மையையும், நோயின் அறிகுறியையும் உடன் நோக்குதல் கடமையாகின்றது. இரையைக் காட்டி அழைத்து, அழைத்த இடத்தில் இடர் நேர விடுதல் விருந்தோம்பல் ஆகாது.

காவல் மட்டும் போதுமா என்பதை வேடந்தாங்கல் சோதித்துக் காட்டுகின்றது. மழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டுகளில் பறவைகள் வருவது மிகக் குறைந்துவிடுகின்றது. சட்டம் உண்டு, வேலி உண்டு, காவலர் உண்டு. நீர் இல்லையேல் பறவை இல்லை. மேலும், ஏரியில் தங்கும் பறவை ஏரியில் மட்டும் உண்பதில்லை. சுற்றுப்புறத்து வயலிலும் குட்டையிலும் இரை தேடித் தன் பார்ப்புக்குக் கொண்டுவந்து ஊட்டுகின்றது. இதனைக் கருதியே 1998ஆம் ஆண்டில் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள நிலமும் புகலிடப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் அவ்வெல்லையைக் குறுக்கும் முன்மொழிவு எழுந்தபோது கடும் எதிர்ப்பு தோன்றியது. பின்னர் அது கைவிடப்பட்டது. ஏரி 2022ஆம் ஆண்டில் இராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும், சுற்றுப்புற வயல் மனையாக மாறிவிடின், பறவைக்கு இரையும் இல்லை. எருநீரை ஏற்கும் பயிரும் இல்லை. உழவன் காவலனாக நின்றதற்குரிய காரணமே அப்போது அற்றுப்போம். அதன்பின் எஞ்சுவது ஆவணத்தில் உள்ள சொல் மட்டுமே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன சில. ஓம்புதல் என்னும் சொல் உணவையும் காவலையும் ஒருங்கே குறித்தல் வெறும் சொல்லளவில் நிற்பதன்று. அவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் உண்மையை அது உணர்த்துகின்றது. கீச்சன் உணவில் தொடங்கிக் காவலை நோக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. வேடந்தாங்கல் காவலில் தொடங்கி, பறவையின் இரைக்களமாகிய வயலையும் நீரையும் காக்க வேண்டிய நிலைக்கு வந்துள்ளது. வழி வேறாயினும் இரண்டும் சென்று சேரும் இடம் 322ஆம் குறள் காட்டும் இடமேயாகும்.

இரண்டிலும் ஓம்பும் கடமையைத் தாங்குவது ஊர். சட்டமும் பட்டியலும் ஊரின் வழக்கத்துக்குத் துணை நிற்கலாம், அதற்கு ஈடாகா. பறவைப் பெயர்களையும் தூதுப் பாட்டுகளையும் ஆராயும் மாணவர்கள் நூலோடு நில்லாமல், கண்மாய்க் கரை ஊர்களில் இன்றும் வழங்கும் பறவைப் பெயர்களையும், ஊர்க் கட்டுப்பாடுகளையும், முதியோர் நினைவில் உள்ள செய்திகளையும் தொகுப்பாராயின், அது சங்க இலக்கிய ஆராய்ச்சிக்கும் பறவைக் காவலுக்கும் ஒருங்கே பயன்படும். ஏரி மனையாகுமுன், அப்பெயர்களை அறிந்தோர் மறையுமுன், இப்பணி தொடங்குதல் வேண்டும்.